செவித்திறன் சான்றிதழ்

செப்டம்பர் 2, திங்கள்

இன்று எனக்கு எழுபத்தாறு வயது, நான்கு மாதம், பதினொரு நாள். இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம், கழகத்தின் மேலாளர் ரெஜினால்டு காலையில் ஒரு படிவத்தை நீட்டி, "வயசு மட்டும் கரெக்டா போடுங்க மேடம், இன்ஷூரன்ஸ்காரன் கேக்கிறான்" என்றதுதான். போட்டேன். நாள்வரை போட்டேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் தொடர்ந்தேன்.

படிவத்தோடு அடுத்த அறைக்குப் போன அவர், தொலைபேசியில் தாழ்ந்த குரலில், "எழுபத்தாறாம்ப்பா. வேற ஆளே கெடைக்கலையா நமக்கு?" என்றார்.

கிடைக்கவில்லை. வங்கக்கரை கால்பந்துக் கழகம் இப்பருவத்துக்கு அமர்த்தியிருக்கும் பயிற்சியாளர் லோயிக் கெர்வேன், பிரான்சின் மேற்கே ஒரு துறைமுகத்தில் பிறந்தவர். பிரெஞ்சு தவிர வேறொரு மொழியும் பேசமாட்டார், பேசவும் விரும்பமாட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு அறிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் காலை ஐந்தே முக்காலுக்கு, தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, ஒரு பயிற்சி மைதானத்தின் நடுவில் நின்று, ஒருவர் கத்துவதை முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேறு மொழியில் கத்தும் பணிக்கு ஒப்புக்கொண்டவள் நான் ஒருத்தியே.

முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தேன். மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் ஒலியியலில் முனைவர் பட்டம். கால்பந்தைப் பற்றி எதுவும் தெரியாது. நான்கு மாதமாக அதைத் தெரிந்துகொள்ளாமலிருக்க முயன்று தோற்றுவருகிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

டெம்போ வரவில்லை. ஆட்டோவில் போனேன்.

பணிமுறையைப் பதிவு செய்துவைக்கிறேன். லோயிக் மைதானத்தின் மையத்தில் நிற்பார். நான் அவருக்கு இடப்புறம் மூன்றடி தள்ளி, குடையோடு. அவர் ஒரு வாக்கியம் கத்துவார். நான் தமிழில் கத்துவேன். மூன்று சொல்லுக்கு ஒருமுறை அவர் ஒரு வசைச்சொல்லைச் சேர்ப்பார். அதை நான் காற்புள்ளியாகக் கொள்கிறேன்.

"மதாம், மிசே இவ்ளோ நேரம் கத்துறாரு. நீங்க நாலே வார்த்தையில முடிச்சிட்டீங்க?" என்று இன்று புகழேந்தி, லோயிக்கைக் காட்டிக் கேட்டான்.

"மிச்சம் முழுக்க நிறுத்தற்குறி" என்றேன்.

இந்தப் புகழேந்தி இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரன். வயது முப்பத்தொன்று. வீராம்பட்டினத்து மீனவக் குடும்பம். பிப்ரவரியில் முழங்காலில் அறுவை சிகிச்சை. எல்லோருக்கும் முன்னால் வந்து வேலியோரமாகத் தனியே ஓடுகிறான். இந்த வேலை போனால் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டேன். ஆர்வத்தினால் அல்ல, டெம்போ வரும்வரை பேச வேறு ஆள் இல்லாததால்.

"எங்க அண்ணன் போட்டுக்குத்தான் போவணும். ஆனா கடலுக்குப் போனா வாந்தி எடுப்பேன் மதாம். எங்க ஊர்லயே நான் ஒருத்தன்தான் அப்படி. எங்கப்பா வெளிய சொல்லாதடான்னு சொல்லி வெச்சிருந்தாரு."

லோயிக் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நம் பெயர்கள் நீளமாம். சட்டை எண்ணால் அழைக்கிறார். புகழேந்தி, பத்தொன்பது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று பட்டியல் நாள். முகாமில் முப்பத்துநான்கு பேர். முப்பது பெயர்வரை கால்பந்துச் சங்கத்துக்கு அனுப்பலாம், குறைவாகவும் அனுப்பலாம். பட்டியலில் பெயர் வந்தவனுக்கு மே மாதம்வரை ஒப்பந்தம். வராதவன் இன்றே பையைக் கட்ட வேண்டும். கெடு மாலை ஐந்து மணி.

நான்கு மணிக்கு அலுவலக அறையில் மூவர் இருந்தோம். லோயிக் ஜன்னலருகே நின்றார். ரெஜினால்டு மடிக்கணினியோடு மேசையில். நான் நடுவில். வெளியே புல்வெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் எண்களை வரிசையாகப் படித்தேன். லோயிக் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன், ரெஜினால்டு தட்டினார்.

தீர்ப்புச் சொற்கள் இரண்டையும் இங்கே விளக்கிவிடுகிறேன். வைத்துக்கொள்கிறேன் என்பதற்கு அவர் 'கார்த்' என்பார். நீக்குகிறேன் என்பதற்கு அவருக்கு விருப்பமான சொல் 'லார்க்'. அது மாலுமிகளின் சொல். கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கப்பலைப் போகவிடுவது. அவருடைய துறைமுகத்தில் ஆட்களுக்கும் அதே சொல்தான் போலும். தமிழில் அதற்கு இணையாக 'கழற்றிவிடுகிறார்' என்றேன். ரெஜினால்டுக்குப் பிடித்திருந்தது.

ஏழு பேர் நீக்கப்பட்டனர். அவர்களில் நால்வருக்கு இருபத்துமூன்று வயதுகூட ஆகவில்லை. ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். பத்தொன்பது, பட்டியலில் இடம்பெற்றது.

நாலே முக்காலுக்கு லோயிக் கையெழுத்திட்டார். தாளில் இருபத்தேழு முழுப் பெயர்கள், தந்தை பெயர்களோடு. அவரைப் பொறுத்தவரை அது எழுத்துகளின் காடு. படிக்கவில்லை.

வரும்வழியில் காபித்தூள் வாங்கினேன். அரைத்தது சரியில்லை.

செப்டம்பர் 14, சனி

நேற்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இன்று காலை, பயிற்சி தொடங்குமுன், புகழேந்தி நேரே லோயிக்கிடம் போய் அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். லோயிக் கையை விடுவித்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"பத்தொன்பது ஏன் இன்னும் இங்கே இருக்கிறான்?"

பக்கத்தில் ரெஜினால்டு நின்றார். "என்ன மேடம் கேக்கிறார்?"

ஒரு சொல்லையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

பிறகு அலுவலக அறை. லோயிக் மேசையில் அறைந்தார். காற்புள்ளிகள் மிகுதி. அவனை நீக்கினேன் என்றார். கார்த் என்றல்லவா நான் புரிந்துகொண்டேன் என்றேன். கார்த் என்று சொல்லவே இல்லை என்றார். பின் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்தார். "வேறென்ன சொல்லியிருப்பேன்? லார்க் என்றிருப்பேன். எப்போதும் லார்க் என்றுதான் சொல்வேன்."

ஆக, அந்தச் சொல்லை அவரே எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 16, திங்கள்

கழகத்தின் உரிமையாளர் சென்னையிலிருந்து கணினித் திரையில் தோன்றினார். பம்புசெட் தொழிலில் பெயர் பெற்றவர். விளக்கம் கேட்டார். சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில், ஆட்ட உத்திக்கான அம்புக்குறிகளை அழித்துவிட்டு, இரு சொற்களையும் ஒலிக்குறியீட்டில் எழுதினேன். உயிரொலி ஒன்றே. நடுவிலுள்ள ரகரம் தொண்டையில் உரசும் ஒலி, இரண்டிலும் ஒன்றே. முதலெழுத்திலும் கடையெழுத்திலும்தான் வேறுபாடு. புல்வெட்டி போன்ற தாழ்சுருதி இரைச்சலில் முதலில் அழிபவை அவைதாம். பதினைந்து நிமிடம் பேசினேன். பணி ஓய்வுக்குப் பின் இவ்வளவு கவனமாக யாரும் என்னைக் கேட்டதில்லை.

உரிமையாளர் சொன்னார்: "அதெல்லாம் சரிங்கம்மா. சுருக்கமா சொன்னா, உங்களுக்குக் காது கேக்கலை. அப்படித்தானே?"

"அந்த முடிவுக்கு வர உங்களுக்கு உரிமை உண்டு" என்றேன்.

திரை அணைந்தபின் ரெஜினால்டு கதவைச் சாத்தினார். மனிதர் கெட்டவரல்லர், தூக்கம் போதாதவர்.

"மேடம், கோவப்படாதீங்க. காது கோளாறுன்னா அது தப்பு. தப்புக்கு ஒண்ணும் பண்ண முடியாது, சைன் பண்ண கான்ட்ராக்ட், மே வரைக்கும் அவனை வெச்சிக்கணும். ஆனா வேணும்னே மாத்திச் சொல்லியிருந்தா அது ஃபிராடு. நீங்களும் அவனும் பேசி வெச்சு செஞ்சீங்கன்னு சொல்லுவாரு சார். ஃபிராடுன்னா ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் பட்டியல்ல இருந்து தூக்கலாம், அன்னிக்குத்தான் பட்டியலை மூடுறாங்க. அதனால ஒரு டெஸ்ட் எடுத்துருவோம். காது கேக்கலைன்னு பேப்பர் வந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"காது கேட்கிறது என்று வந்தால்?"

அவர் மடிக்கணினியை மூடினார். கிளம்பும்போது, "டைரி எழுதுவீங்களாமே மேடம். துணி தொவைக்கிற அஞ்சலாட்சி சொல்லிச்சு. சார் கேட்டா அதையும் காட்டுவீங்கதானே?" என்றார்.

தாராளமாக. அன்றிலிருந்து, அதாவது இன்றிலிருந்து, யார் கையிலும் கொடுக்கத்தக்க விதத்தில் இதை எழுதுவேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

சட்டைகளைத் துவைக்கும் அஞ்சலாட்சியின் அறை மைதானத்தின் மூலையில் ஒரு பழைய சரக்குப் பெட்டகம். வெயில் ஏறினால் நான் அங்கே உட்காருவது வழக்கம். இன்று அவள் துணிகளைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:

"ஏன் மதாம்மா, காது கேக்கலன்னு பேசிக்கிறாங்களே. முந்தாநேத்து நான் மிஷினுக்கு அந்தாண்ட நின்னு, தலை வலிக்குதுன்னு எனக்கு நானே முணுமுணுத்தேன். நீங்க பையில இருந்து மாத்திரை எடுத்துக் குடுத்தீங்க."

நான் குடையை மடித்தேன். அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள்; பிறகு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்; பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

பத்து நிமிடம் கழித்து, ரெஜினால்டும் லோயிக்கும் நானும் நின்றிருந்த இடத்துக்கு நடுவில் வந்து நின்று, என் முகத்துக்கு ஓரடி தூரத்தில், தேர் இழுப்பவள் குரலில் கத்தினாள்: "மதாம்மா. டீ. சக்கரை. போடவா. வேணாமா."

வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பரிசோதனை. நகரில் ஒரு தனியார் மருத்துவமனை. ஒலிபுகா அறை, காதில் மூடி, கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்துவது தகும் என்று எனக்குத் தோன்றியபோதெல்லாம் அழுத்தினேன்.

பரிசோதகர் பர்வீன் என்னும் பெண். காரைக்காலைச் சேர்ந்தவள், கூர்மையானவள். என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் வரிசையில் அமர்த்தியிருப்பேன். பரிசோதனை முடிந்து என் முதுகுக்குப் பின்னால் தாளில் எழுதிக்கொண்டிருந்தவள், மெல்லிய குரலில், "மேடம், உங்க புடவைத் தலைப்பு சேர்ல மாட்டியிருக்கு" என்றாள்.

சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது. அதிலிருந்த விடுமுறை நாட்களைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுந்தேன். தலைப்பு கிழிந்தது. எட்டு ஆண்டுப் பழைய காஞ்சிப் பருத்தி.

பர்வீன் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "வெளியில நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்க மேடம். ரொம்ப சன்னமாப் பேசினீங்க. காது கேக்காதவங்க சத்தமாப் பேசுவாங்க."

"நான் வளர்ந்த விதம் அப்படி" என்றேன்.

இன்று மாலையிலிருந்து சத்தமாகப் பேசுகிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

சான்றிதழ் வந்தது. இரு செவிகளிலும் நடுத்தர முதல் கடும்வரையிலான கேட்புக் குறைபாடு. கீழே கையால் ஒரு வரி: 'விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, மறுபரிசோதனை நல்லது.' ரெஜினால்டு அந்த வரியைப் படிக்கவில்லை. முதல் வரியே அவருக்குப் போதுமாக இருந்தது. "தேங்க் காட்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சாரி மேடம்" என்றார்.

ஒலியியலில் முனைவர் பட்டம் பெற்றவளின் செவிகளுக்கு இதுவரை கிடைத்த ஒரே சான்றிதழ் இது. சட்டமிடப்போவதில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

கழகம் செவித்துணைக் கருவி வாங்கித் தந்திருக்கிறது. தினமும் அணிகிறேன். மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் முடுக்குவதில்லை.

கருவி வந்ததிலிருந்து எல்லோரும் என்னருகே தடையின்றிப் பேசுகிறார்கள். கோல்காப்பாளனுக்கும் பிசியோதெரபிப் பெண்ணுக்கும் என்ன நடக்கிறது, உரிமையாளர் பருவத்தின் நடுவில் யாரை அனுப்பிவிட எண்ணுகிறார், என் இடத்துக்கு ரெஜினால்டு என்ன ஏற்பாடு செய்கிறார் ஆகியவை பற்றி இன்று மூன்றடித் தூரத்தில் விரிவாக உரையாடப்பட்டது. அவை என் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே இங்கே எழுத இயலாது.

அக்டோபர் 9, புதன்

தசைநார்க் களிம்பு வாசனையோடு புகழேந்தி சரக்குப் பெட்டகத்துக்கு வந்தான். என் எதிரே குனிந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கத்தினான்.

"மதாம். என்னாலதானே. உங்களுக்கு. இந்த அசிங்கம்."

"எந்த அசிங்கம்?"

"பசங்க உங்களை 'டமாரம்'ன்னு கூப்புடறானுங்க மதாம். கேக்கவே நாராசமா இருக்கு. நான் சார்கிட்ட போயி, தப்பா வந்த சீட்டு எனக்கு வேணாம், நான் போயிடறேன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். மிசேவும் என்னை ஆடவிட மாட்டேங்கிறாரு. ஒரு மாசமா பிளாஸ்டிக் கோனைச் சுத்தி ஓடுறேன். எதுக்கு?"

இப்படியொரு முட்டாள்தனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"போய் என்ன செய்வாய்?"

"அண்ணன் போட்டு."

"வாந்தி எடுப்பதற்கா? உட்கார். உன் பெயர் தவறாக வந்தது என்று யார் சொன்னது? தவறு என் காதில் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்திருக்கிறது. உன் முழங்காலில் என்று எழுதவில்லை. என் காதை நான் பார்த்துக்கொள்வேன். நீ உன் முட்டியைப் பார். போகிறேன் கீகிறேன் என்று இனி என்னிடம் சொன்னால் எனக்குக் கேட்காது."

அஞ்சலாட்சி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "போய் ஓடுடா டேய். மதாம்மா காதை அடமானம் வெச்சிருக்கு, நீ தியாகி கணக்கா பேசினு நிக்கிறியே."

அவன் சிரித்துவிட்டு ஓடினான். அவளுடைய உவமைகளை நான் ஊக்குவிப்பதில்லை.

அக்டோபர் 21, திங்கள்

எனக்குப் பதிலாக ஒரு செயலி. ரெஜினால்டு அதைக் கைபேசியிலிருந்து ஒலிபெருக்கியோடு இணைத்து, லோயிக்கின் சட்டையில் ஒலிவாங்கியைக் குத்தினார். நான் வேலிக்கருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் சோதனை என்றார்கள்.

பந்தைப் பெற வெற்றிடத்துக்கு ஓடுவதைப் பிரெஞ்சுக் கால்பந்தில் 'அழைப்பு' என்பார்கள். லோயிக் முன்கள ஆட்டக்காரனைப் பார்த்துக் கத்தினார். ஒலிபெருக்கி, வானொலிச் செய்தி வாசிப்பவளின் குரலில், "தயவுசெய்து அழைப்பு விடுக்கவும்" என்றது.

"யாருக்கு?" என்றான் அவன்.

தற்காப்பு வரிசையை முன்னே நகரச் சொன்னார். "மேலே ஏறவும்" என்றது ஒலிபெருக்கி. கோல்காப்பாளன் கம்பத்தில் கைவைத்து மேலே பார்த்தான்.

லோயிக் பொறுமை இழந்தார். அங்கேதான் செயலியின் அடிப்படைக் குறை வெளிப்பட்டது. அதற்குக் காற்புள்ளி என்றால் என்னவென்று தெரியவில்லை. அவருடைய தாய்மண்ணின் சொற்கள் அத்தனையும் தூய தமிழில், முழு ஒலியளவில், மைதானம் தாண்டி, சாலையில் நின்ற பள்ளி வேன் வரைக்கும் சென்றன. அஞ்சலாட்சி கொடியிலிருந்து துண்டை உருவித் தலையை மூடிக்கொண்டாள்.

பத்தரைக்கு ரெஜினால்டு என் நாற்காலிக்கு வந்தார். "வாங்க மேடம்."

"கேட்கவில்லை" என்றேன். இரண்டாம் முறை சொல்லவைத்தேன். மூன்றாம் முறையும்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. மைதானம் குளமாகிவிட்டது. கோல் கம்பத்தின் மேல் நீர்க்காகம். பயிற்சி இல்லை. பருப்பில் வண்டு, வெயில் வரட்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

உள்ளூர் ஆட்டம். வழக்கமான இடப்புறத் தற்காப்பு வீரன் ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்விடத்துக்கு வேறு ஆள் இல்லை. லோயிக் இருக்கை வரிசையை இரண்டுமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பத்தொன்பது" என்றார்.

முப்பத்திரண்டு நிமிடம் ஆடினான். சாகசம் ஏதுமில்லை. கோல் அடிக்கவில்லை, அடிக்க உதவவில்லை. ஒருமுறை பந்தை நேரே கூட்டத்துக்குள் உதைத்தான். ஒன்றுக்குப் பூஜ்யம் தோற்றோம்; கோல் விழுந்தது வலப்பக்கத்தில்.

ஆட்டம் முடிந்து லோயிக் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இடப்பக்கம் எதுவும் நடக்கவில்லை."

அது பாராட்டு என்று விளங்க எனக்குச் சற்று நேரமாயிற்று. தற்காப்பு ஆட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாதாம். மொழிபெயர்த்தேன். புகழேந்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் துண்டை எடுக்கவில்லை.

பெயர் சொல்லி அழைக்கவில்லை. இன்னும் பத்தொன்பதுதான்.

ஜனவரி 8, புதன்

நான்கு ஆட்டங்களாகத் தொடக்கத்திலிருந்தே ஆடுகிறான். லோயிக் ஆட்சேபம் சொல்வதை நிறுத்திவிட்டார். உரிமையாளர் நிறுத்தவில்லை. அவருக்கு அவ்விடத்தில் கோவாவிலிருந்து இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவனைக் கொண்டுவர ஆசை. அதற்கு ஒரு சம்பளம் காலியாக வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

யாரோ சான்றிதழின் அடிவரியைப் படித்துவிட்டார்கள்.

ரெஜினால்டு கதவைச் சாத்தினார். இம்முறை உட்காரவில்லை. "மேடம், சார் புதுசா ஒரு டெஸ்ட் சொல்றாரு. தலையில ஒயர் ஒட்டுவாங்க. நீங்க ஒண்ணும் அழுத்த வேணாம், சொல்ல வேணாம், தூங்கலாம். சத்தம் போட்டா மூளை கேட்டுச்சா இல்லையான்னு மிஷினே சொல்லிடும். பொய் சொல்ல முடியாது."

"யாரால்?"

அவர் தரையைப் பார்த்தார். "முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள எடுக்கணும்னு சொல்லிட்டாரு. எடுக்கலைன்னா உங்க வேலையை முடிச்சிடச் சொல்லிட்டாரு."

"எடுக்காவிட்டால் என் வேலை மட்டும்தான் போகுமா? அவன் ஒப்பந்தம்?"

"டெஸ்ட் இல்லாம அவனை என்ன பண்ண முடியும் மேடம்? பழைய சர்டிபிகேட்தான் நிக்கும்."

மனிதர் என்னிடம் ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, திறக்காததுபோல் நின்றார் என்று நினைக்கிறேன்.

"மூளை என் சொந்தப் பொருள் ரெஜினால்டு. கழகம் அதை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு வாடகை முடிகிறது. கடிதம் நாளை தருகிறேன்."

"மேடம், நீங்க வேலையை விடத் தேவையில்ல. நான் சார்கிட்ட பேசிப் பாக்கறேன்."

"கேட்கவில்லை" என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கடிதம் கொடுத்தேன். மூன்று வரி. நன்றி என்ற சொல் இல்லை.

ஜனவரி 27, திங்கள்

காலையில் ஆறு டிகிரி குளிர் என்று தோன்றும் காற்று. உண்மையில் இருபத்தொன்று. புகழேந்திக்கு நான் போவது தெரிந்துவிட்டது. காதுக் கோளாறு முற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். பெரியாஸ்பத்திரியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று கத்தினான். அறுவை சிகிச்சையில் அவனுக்கு இருக்கும் நம்பிக்கை இயல்பானதே.

ஜனவரி 31, வெள்ளி

கடைசி நாள். எப்போதும்போல் ஐந்தே முக்காலுக்குப் போனேன்.

பயிற்சி முடிந்ததும் லோயிக் என்னைத் தனியே அழைத்தார். மைதானத்தின் ஓரத்தில், விளம்பரப் பலகைக்கருகே. என் காதருகே குனிந்து, மிக நிதானமாக, ஒவ்வொரு அசையையும் பிரித்துச் சொன்னார். அப்பிழை தன்னுடையது என்றார். துறைமுகத்துக் கொச்சையைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது தன் குற்றம். ஒரு கல்விமானின் பெயர் தன் நாவினால் கெட்டது. செப்டம்பரிலிருந்து லார்க் என்ற சொல்லைத் தான் பயன்படுத்துவதே இல்லை, கவனித்தீர்களா என்று கேட்டார். கவனித்தேன் என்றேன். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பனியாகவும் இருக்கலாம்.

ஒரு மனிதர் ஐம்பத்திரண்டு வயதில் தெளிவாகப் பேசக் கற்றுக்கொண்டால் அதைத் தடுப்பது ஆசிரியருக்கு அழகல்ல. நான் எதையும் திருத்தவில்லை.

செவித்துணைக் கருவியை மேசையில் வைத்தேன். அஞ்சலாட்சி வாசல்வரை வந்தாள். ரெஜினால்டும் நின்றதால், ஊர் கேட்கும்படி, "மதாம்மா. போயிட்டு. வாங்க" என்று கத்தினாள். பிறகு உதட்டை அசைக்காமல், கொசு பறப்பதுபோல், "நாளைக்கு வூட்டாண்ட வரேன்" என்றாள்.

தலையசைத்தேன். ரெஜினால்டு அதைப் பார்த்தார். உடனே கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடப்பட்டது. கடற்கரைச் சாலையில் டெம்போவிலிருந்து இறங்கி, கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

புகழேந்தியின் ஒப்பந்தம் மே மாதம்வரை செல்லும். அதை இனி யாரும் தொட இயலாது. நான் கழகத்தின் ஊழியர் அல்லேன். இந்நாட்குறிப்பைக் கேட்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. செப்டம்பர் பத்தாம் தேதிப் பதிவில் விடுபட்டதை இப்போது சேர்க்கிறேன்.

லோயிக் அன்று லார்க் என்று சொல்லவில்லை. கார்த் என்பதோடு குழப்பிக்கொள்ள அங்கே ஒரு சொல்லும் இருக்கவில்லை. மற்ற எண்களின்போது எப்படியோ, பத்தொன்பது என்று நான் படித்தபோது புல்வெட்டி ஓடவில்லை. ஓட்டுபவர் தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தார். அறை அமைதியாக இருந்தது. லோயிக் ஜன்னலிலிருந்து திரும்பி, என் முகத்தை நேராகப் பார்த்து, பாடநூல் உச்சரிப்பில், "த்ரோ வியே" என்றார். மிகவும் கிழடு. முதலாண்டு மாணவர்களுக்கு மூன்றாம் வாரத்தில் கற்பிக்கும் சொற்கள்.

ரெஜினால்டு விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, "என்ன மேடம் சொல்றார்?" என்று கேட்டார்.

"வைத்துக்கொள்கிறாராம்" என்றேன்.